டிராட்மன்: உடைந்த கழுத்துக்கு அப்பால் ஒரு கோல்கீப்பர்

வலைக்காவலன் எழுதியது:

பெர்ட் டிராட்மனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அது கழுத்தில்தான் போய் நிற்கிறது. 1956 மே 5, லண்டன் வெம்ப்ளி மைதானம், இங்கிலாந்துக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். பர்மிங்ஹாம் சிட்டியின் பீட்டர் மர்பி பாய்ந்து வருகிறார். மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர் டிராட்மன் அவர் காலடியில் விழுந்து பந்தைப் பறிக்கிறார். மர்பியின் முழங்கால் கழுத்தில் மோதுகிறது. முறிந்த கழுத்தோடு மிச்சமிருந்த கால் மணி நேரத்தையும் ஆடி முடித்து, வெற்றிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு போகிறார். கால்பந்து வரலாற்றில் இதற்கு இணையான கதைகள் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை.

என் வருத்தம் வேறு. 1949 முதல் 1964 வரை அந்த ஒரே கிளப்புக்காக 545 ஆட்டங்கள் ஆடியவர் அவர். அதில் ஓர் ஆட்டத்தின் கடைசிக் கால் மணி நேரம் மற்ற அனைத்தையும் விழுங்கிவிட்டது. அவர் எப்படி ஆடினார், பந்து கைக்கு வந்ததும் என்ன செய்தார், அக்காலத்து மற்ற கீப்பர்களிடமிருந்து எதில் வேறுபட்டார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. வீரத்தை அறிந்த அளவுக்கு ஆட்டத்தை நாம் அறியவில்லை.

இத்தனைக்கும் 1956-இல் கால்பந்து எழுத்தாளர் சங்கம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர்தான். இறுதியாட்டத்துக்கு முன்பே அறிவிக்கப்பட்ட விருது அது. கழுத்து உடைந்ததற்காக யாரும் அதைக் கொடுக்கவில்லை.

இந்த இழையில் கழுத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, கீப்பரைப் பற்றிப் பேசுவோமா?

---

நடுக்களம் எழுதியது:

தள்ளி வைக்க எனக்கு உடன்பாடில்லை, நண்பரே. அந்தக் கால் மணி நேரத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் கீப்பரையும் புரிந்துகொள்ளலாம்.

அப்போது மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. இங்கிலாந்து லீகில் அது 1965-இல்தான் வந்தது. கீப்பர் வெளியேறினால், களத்தில் இருப்பவர்களில் ஒருவர் கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்க வேண்டும், அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். பத்துப் பேரோடு வெம்ப்ளியில் ஆடுவது எப்படி இருக்கும் என்பதை டிராட்மன் கற்பனை செய்து பார்க்க வேண்டியதில்லை. முந்தைய ஆண்டே அனுபவித்தவர். 1955 இறுதியாட்டத்தில் நியூகாசிலின் ஜாக்கி மில்பர்ன் ஒரு நிமிடம் முடிவதற்குள் கோல் அடித்துவிட்டார். இருபது நிமிடம் ஆவதற்குள் சிட்டியின் பின்களத்தவர் ஜிம்மி மெடோஸ் முழங்கால் காயத்தால் வெளியேறினார். மீதி ஆட்டம் முழுவதும் பத்துப் பேர். 3-1 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வியைக் கோலில் நின்று பார்த்தவர் அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் தானாக வெளியேறுவாரா?

இன்னொன்று. அந்தக் காலத்தில் கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ளுவது சட்டப்படி சரி. 1957 இறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே ஆஸ்டன் வில்லாவின் பீட்டர் மெக்பார்லண்ட் மோதியதில் மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு உடைந்தது. மெக்பார்லண்ட் களத்திலேயே இருந்தார், இரண்டு கோல்களும் அடித்தார். 1958-இல் போல்டனின் நாட் லோஃப்ட்ஹவுஸ், யுனைடெட் கீப்பர் ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்து வலைக்குள் தள்ளினார், அதுவும் கோல் என்றே கொடுக்கப்பட்டது. அடுத்தடுத்த மூன்று கோப்பை இறுதியாட்டங்களில் மூன்று கீப்பர்கள் அடிபட்டிருக்கிறார்கள். டிராட்மனின் கழுத்து ஒரு தனி மனிதரின் சாகசம் மட்டும் அல்ல. அந்த விளையாட்டு தன் கீப்பர்களை எப்படி நடத்தியது என்பதற்குச் சான்றும் அதுதான்.

---

வலைக்காவலன் எழுதியது:

1955-ஐ இதோடு சேர்த்துப் பார்த்தது அருமை. 1956 இறுதியாட்டத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன்.

மர்பியோடு மோதியது ஏறத்தாழ 75-ஆவது நிமிடம். அதற்குச் சற்று முன், 68-ஆவது நிமிட வாக்கில் என்ன நடந்தது? பர்மிங்ஹாமின் தாக்குதல் ஒன்று டிராட்மனின் கையில் முடிகிறது. முன்னேறி வந்த பர்மிங்ஹாம் ஆட்டக்காரர்கள் திரும்பி ஓடத் தொடங்குவதற்குள் அவர் பந்தை நீளமாக உதைக்கிறார். அவர்கள் தலைகளைத் தாண்டிப் போய் ஜாக் டைசனிடம் அது சேர்கிறது. டைசன் தட்டிவிட, பாபி ஜான்ஸ்டன் அடிக்கிறார். 3-1. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. கீப்பரிடமிருந்து இரண்டே தொடுதலில் கோல். அடுத்தடுத்த இரண்டு வெம்ப்ளி இறுதியாட்டங்களில் கோல் அடித்த முதல் ஆட்டக்காரர் என்று ஜான்ஸ்டனின் பெயர் பதிவாகியிருக்கிறது. பந்தை அனுப்பியவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

கழுத்து முறிந்த பிறகு அவர் அந்த வெற்றியைக் காத்தார். முறிவதற்கு முன்பே அதை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. இரண்டாவதைத்தான் நான் பேச விரும்புகிறேன்.

---

எல்லைக்கோடு எழுதியது:

ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் கீப்பரிடமிருந்து தாக்குதல் தொடங்குவது அவ்வளவு புதிதா? எல்லாக் கீப்பர்களும் பந்தை நடுக்களத்துக்கு உதைக்கத்தானே செய்தார்கள்?

---

வலைக்காவலன் எழுதியது:

நல்ல கேள்வி. உதைத்தார்கள். ஆனால் யாரிடம் போகும் என்று குறி வைத்து உதைத்தவர்கள் குறைவு. பந்து எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு நல்லது, அதன் பிறகு இரு பக்கமும் முட்டி மோதிப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே பொது வழக்கம்.

டிராட்மனின் பலம் கை. ஜெர்மனியின் பிரேமன் நகரில் வளர்ந்த காலத்திலேயே ஹேண்ட்பால் போன்ற, பந்தைக் கையால் எறியும் விளையாட்டுகளில் பழகிய தோள் அது. பந்தைக் கையால் நெடுந்தூரம், தாழ்வாக, வேகம் குறையாமல் எறிவார். உதைத்த பந்து காற்றில் மிதந்து வந்து சேர்வதற்குள் எதிரணியினர் இடம் பிடித்துவிடுவார்கள். எறிந்த பந்துக்கு அந்த அவகாசம் தேவையில்லை.

இனி மான்செஸ்டர் சிட்டி அப்போது ஆடிய முறைக்கு வருவோம். 1953 நவம்பரில் ஹங்கேரி வெம்ப்ளிக்கே வந்து இங்கிலாந்தை 6-3 என்று நொறுக்கியது. அதில் ஹிதெகுட்டி, மைய முன்களத்தவர் என்ற பெயரில் இறங்கி, நடுக்களத்துக்குப் பின்வாங்கி நின்று ஆடினார். அவரை யார் காவல் காப்பது என்று இங்கிலாந்துக்குத் தெரியவில்லை. சிட்டி மேலாளர் லெஸ் மெக்டவல் அதே உத்தியை 1954-55 பருவத்தில் டான் ரெவியை வைத்துச் செயல்படுத்தினார். 'ரெவி திட்டம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. முதல் ஆட்டத்திலேயே பிரெஸ்டனிடம் 5-0 என்று உதை வாங்கினார்கள், ஆனாலும் விடவில்லை. அந்தப் பருவத்தில் கோப்பை இறுதியாட்டம் வரை போனார்கள், அடுத்த பருவத்தில் கோப்பையையே வென்றார்கள்.

இந்தத் திட்டத்துக்கு ரெவியின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது சரியல்ல என்பது என் வாதம். பின்வாங்கி நிற்கும் ரெவிக்கும், கென் பார்ன்ஸ் போன்ற பக்க நடுக்களத்தவருக்கும் பந்து தரை மட்டத்தில், சீக்கிரம், துல்லியமாக வந்து சேர வேண்டும். கீப்பர் கண்மூடித்தனமாக உதைத்தால் பந்து ரெவியின் தலைக்கு மேலே பறந்துவிடும். திட்டம் அங்கேயே படுத்துவிடும். டிராட்மனின் எறிதான் அந்தத் திட்டத்தின் முதல் அசைவு. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது 1955-இல் ரெவிக்கும் 1956-இல் டிராட்மனுக்கும் போனது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே அணியின் இருவர். திட்டத்தின் இரு முனைகளுக்கும் கிடைத்த விருதுகளாகவே நான் அவற்றைப் பார்க்கிறேன்.

---

பழுப்பேடு எழுதியது:

வலைக்காவலன் ஐயா சொல்வதில் ஒரு பெயர் விடுபடுகிறது: ஃபிராங்க் ஸ்விஃப்ட்.

டிராட்மனுக்கு முன் சிட்டியின் கோலில் நின்றவர். இங்கிலாந்து தேசிய அணியின் தலைவராக இருந்த கீப்பர். பந்தை உதைப்பதற்குப் பதிலாகப் பெரிய கையால் அள்ளி எறிவதை இங்கிலாந்தில் வழக்கமாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். ஆகவே எறிவதே டிராட்மனின் கண்டுபிடிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்விஃப்ட் தன் சொந்த அறிவால் எறிந்தார். டிராட்மன் எறிந்தபோது, அந்தப் பந்துக்காகக் காத்திருக்கும் வகையில் அணியே அமைக்கப்பட்டிருந்தது. அந்த அளவில் உங்கள் வாதம் நிற்கிறது.

ஸ்விஃப்ட்டின் இடத்துக்கு வந்ததால் டிராட்மனுக்கு நேர்ந்த சுமையையும் சொல்ல வேண்டும். ஸ்விஃப்ட் மான்செஸ்டர் மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மனிதர். அவர் 1949-இல் ஓய்வு பெற, அந்த இடத்துக்கு ஒரு ஜெர்மானியர் வருகிறார். அதுவும் முன்னாள் பாராசூட் படை வீரர், இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். போர் முடிந்து நான்கே ஆண்டுகள். மான்செஸ்டர் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சை வாங்கிய நகரம், கணிசமான யூத மக்கள் வாழும் நகரமும்கூட. எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் 20,000 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பருவச்சீட்டு வைத்திருந்தவர்கள் ஆட்டங்களைப் புறக்கணிப்போம் என்றார்கள்.

அணியின் தலைவர் எரிக் வெஸ்ட்வுட் நார்மண்டியில் ஜெர்மானியரோடு போரிட்டவர். இந்த உடைமாற்றும் அறைக்குள் போர் எதுவும் இல்லை என்று சொல்லி டிராட்மனை வரவேற்றவர் அவர்தான். மான்செஸ்டரின் யூத சமூக ரப்பி (மதகுரு) அலெக்சாண்டர் ஆல்ட்மன் உள்ளூர் நாளிதழுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஒரு நாடு செய்த குற்றத்துக்காக ஒரு தனி மனிதரைத் தண்டிப்பது சரியல்ல என்பது அதன் சாரம். ஆல்ட்மன் பெர்லினில் ரப்பியாக இருந்து 1938-இல் தப்பி வந்தவர். அவருடைய பெற்றோர் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். அவர் எழுதிய பிறகு எதிர்ப்பின் வேகம் தணிந்தது.

---

மழைமேகம் எழுதியது:

இந்தப் பகுதியைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு நெருடல் உண்டு. மனம் திறந்து எழுதுகிறேன்.

டிராட்மன் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே அவசரப்படுகிறார்கள். எதிரி வந்தார், வெறுத்தார்கள், நன்றாக ஆடினார், நேசித்தார்கள், அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர் கட்டாயத்தால் மட்டும் படையில் சேர்ந்தவர் அல்லர். சிறுவனாக ஹிட்லரின் இளைஞர் அமைப்பில் வளர்ந்தார், பதினேழு வயதில் தானாக முன்வந்து விமானப்படையில் சேர்ந்தார், பிறகு பாராசூட் படைக்கு மாறினார். கிழக்குப் போர்முனையில் மூன்று ஆண்டுகள் இருந்தார். உக்ரைனில் ஒரு காட்டுக்குள் யூத மக்களைக் கொத்துக் கொத்தாகச் சுட்டுக் கொன்றதை நேரில் பார்த்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் போர்க்கைதியாக வந்தபோது அதிகாரிகள் அவரை முதலில் நாஜிகள் என்று கருதப்பட்டவர்களின் பிரிவிலேயே வைத்தார்கள், பிறகுதான் அடுத்த பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஊர்வலம் போன அந்த மக்களைக் குறுகிய மனத்தவர்கள் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அண்ணனையோ மகனையோ வீட்டையோ இழந்தவர்கள் அவர்கள். அவர்கள் கோபத்துக்கு முழு நியாயம் இருந்தது.

---

பழுப்பேடு எழுதியது:

மழைமேகம், நீங்கள் சொன்ன எதையும் மறுக்கப் போவதில்லை. அந்த மக்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. இந்தக் கதையில் எனக்கு டிராட்மனைவிடப் பெரிய மனிதராகத் தெரிபவர் ஆல்ட்மன்தான். தன் பெற்றோரைக் கொன்ற நாட்டின் படைவீரனுக்காக அவர் எழுதியது பாசத்தால் அல்ல, நீதி பற்றிய ஓர் எண்ணத்தால். அவர் ஜெர்மனியை மன்னிக்கச் சொல்லவில்லை. கூட்டுத் தண்டனை கூடாது என்றார். இரண்டும் வெவ்வேறு.

டிராட்மன் தரப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது 1948. லங்காஷயரில் ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்டு ஊருக்கு அருகே இருந்த கைதி முகாமில் அவரை வைத்திருந்தார்கள். கைதியாக இருந்த காலத்தில் பெல்சன் வதைமுகாமின் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். தன் உண்மையான கல்வி இங்கிலாந்தில் கைதியாக இருந்தபோதுதான் தொடங்கியது என்று முதுமை வரை சொல்லிவந்தார். 1948-இல் விடுதலை கிடைத்தபோது ஊர் திரும்பலாம் என்றார்கள். அவர் திரும்பவில்லை. பண்ணையில் வேலை பார்த்தார், பிறகு வெடிக்காமல் கிடந்த குண்டுகளை அகற்றும் பணியில் லிவர்பூல் அருகே சேர்ந்தார். வெறுப்பு இருக்கும் என்று தெரிந்த இடத்திலேயே தங்கினார்.

அவர் கீப்பர் ஆனதும் அந்த முகாமில்தான். அதுவரை களத்தில் ஓடி ஆடிக்கொண்டிருந்தவர். ஓர் உள்ளூர் அணியோடு நடந்த ஆட்டத்தில் அடிபட்டு, கோலில் நின்ற சக கைதியோடு இடம் மாற்றிக்கொண்டார். அதன் பிறகு திரும்பிப் போகவே இல்லை. இருபது வயதைக் கடந்த பிறகு கீப்பராகத் தொடங்கி முப்பத்திரண்டில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார் என்பதை வலைக்காவலன் ஐயா தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

---

கணக்கர் எழுதியது:

எல்லாரும் நெகிழ்ந்து போயிருக்கும் இடத்தில் எண்களோடு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிராட்மன் வந்த 1949-50 பருவத்தில் சிட்டி முதல் டிவிஷனிலிருந்து (அன்றைய உச்ச லீக்) கீழே இறக்கப்பட்டது. அவர் இருந்த காலம் முழுவதும் ஒரு லீக் பட்டம்கூட இல்லை. கிடைத்தது ஒரே ஒரு எஃப்.ஏ. கோப்பை. 1957-58 பருவத்தில் சிட்டி 104 கோல்கள் அடித்தது, 100 கோல்கள் வாங்கியது. ஒரே பருவத்தில் இரண்டிலும் நூறைத் தொட்ட ஒரே இங்கிலாந்து அணி அதுதான். 1963-இல் மீண்டும் கீழே இறக்கம். இந்த எண்களை மட்டும் பார்த்தால் 'உலகத்தரக் கீப்பர்' என்ற சொல் எங்கிருந்து வருகிறது?

---

நடுக்களம் எழுதியது:

கணக்கர் தம்பி, எண்கள் சரி. அவற்றைப் படிக்கும் விதத்தில்தான் சிக்கல்.

1949 நவம்பரில் டிராட்மன் முதல் ஆட்டம் ஆடினார், போல்டனிடம் 3-0 தோல்வி. அவர் வந்தபோதே அது தள்ளாடிக்கொண்டிருந்த அணி. இறக்கத்துக்குப் பிறகு ஒரே பருவத்தில் மேலே வந்துவிட்டார்கள். இறங்கிய அந்தப் பருவத்தின் நடுவில், 1950 ஜனவரியில், லண்டனில் ஃபுல்ஹாமோடு ஓர் ஆட்டம். பத்திரிகைகள் எல்லாம் கூடியிருந்த ஊர், குண்டுவீச்சில் நொந்த ஊர், டிராட்மனுக்கு அங்கே முதல் ஆட்டம். கூட்டம் அவரை ஏசியது. சிட்டி தோற்றது, ஆனால் 1-0 என்ற அளவில்தான். பெரிய தோல்வியாக முடிந்திருக்க வேண்டியதை அவர் ஒருவரே தடுத்து நிறுத்தினார். ஆட்டம் முடிந்தபோது பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியேறும் வழியில் இரு அணி ஆட்டக்காரர்களும் இருபுறமும் வரிசையாக நின்று அவரை வழியனுப்பினார்கள். தோற்ற அணியின் கீப்பருக்குக் கிடைத்த மரியாதை அது. எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் அது ஏறாது.

1957-58-ஐப் பொறுத்தவரை, அணி என்ன ஆட்டம் ஆடியது என்று 104-ஐப் பார்த்தாலே தெரியும். எல்லாரும் முன்னால் ஓடினால் பின்னால் நிற்பவர் ஒருவர்தான். அவர் கழுத்து முறிந்து ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

---

கணக்கர் எழுதியது:

ஃபுல்ஹாம் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அண்ணா. இருந்தாலும் என் கேள்வியின் பாதி அப்படியே இருக்கிறது. அவ்வளவு நல்ல கீப்பர் என்றால் ஜெர்மனி ஏன் ஒரு முறைகூட அழைக்கவில்லை? 1954 உலகக் கோப்பையை மேற்கு ஜெர்மனி வென்றது. கோலில் நின்றவர் டோனி டூரெக்.

---

வலைக்காவலன் எழுதியது:

அழைக்காததற்குத் திறமை காரணமல்ல. பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் உள்நாட்டு லீகில் ஆடுபவர்களை மட்டுமே எடுப்பது என்று உறுதியாக இருந்தார். வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பயிற்சி முகாம்களில் வைத்திருப்பது அந்நாளில் எளிதல்ல. அரசியல் சங்கடமும் சேர்ந்துகொண்டது. ஆக, போருக்குப் பின் இங்கிலாந்தில் தங்கியதால் ஜெர்மனிக்கு அவர் வெளியாள், ஜெர்மனியில் பிறந்ததால் இங்கிலாந்து அணியில் இடமில்லை. நாட்டுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார். எனக்கு இந்த இழப்பு கழுத்துக் காயத்தைவிட அதிகமாக வலிக்கிறது. அந்தக் காயம் ஆறிவிட்டது அல்லவா?

அவர் தாய்நாட்டுக்குத் திரும்ப வழியே இல்லாமலும் போகவில்லை. 1952-இல் ஷால்கே 04 கிளப் 1,000 பவுண்டு தருவதாகச் சொல்லி அவரைக் கேட்டது. அதைப்போல் இருபது மடங்கு பெறுவார் என்று சொல்லி சிட்டி மறுத்துவிட்டது. அன்றைய ஆட்டக்காரரின் கையில் முடிவு இல்லை. கிளப் பதிவை விட்டுக்கொடுத்தால்தான் போக முடியும். கிளப் மதித்தது என்பதும் உண்மை, அந்த மதிப்பே கதவை அடைத்தது என்பதும் உண்மை.

---

எல்லைக்கோடு எழுதியது:

இன்னொரு கேள்வி. அப்போது இங்கிலாந்தில் வெளிநாட்டவர் ஆடவே தடை இருந்தது என்று படித்த ஞாபகம். இவர் மட்டும் எப்படி?

---

பழுப்பேடு எழுதியது:

தடை என்று முழுமையாகச் சொல்ல முடியாது, ஆனால் கிட்டத்தட்டத் தடைதான். அந்தக் கதையும் ஒரு கோல்கீப்பரிலிருந்தே தொடங்குகிறது.

1930-இல் அர்செனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், ஆஸ்திரியாவின் தேசிய அணிக் கீப்பர் ரூடி ஹிடனை வாங்க ஏற்பாடு செய்தார். தொழிலாளர் துறை அவரை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. உள்ளூர் ஆட்டக்காரர்களின் பிழைப்பு கெடும் என்பதே வாதம். அர்செனல் அந்தப் பருவத்தில் கெரிட் கைசர் என்ற டச்சுக் கீப்பரை ஆட வைத்தது. தொழில்முறையில்லாத ஆட்டக்காரர் என்பதால் அவருக்கு வழி கிடைத்தது. 1931-இல் கால்பந்து சங்கம் ஒரு விதி போட்டது: பிரிட்டனைச் சேராத தொழில்முறை ஆட்டக்காரர் இரண்டு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். இந்த விதி 1978 வரை நீடித்தது.

யார் வேலை இல்லாமல் இரண்டு ஆண்டுகள் இங்கிலாந்தில் உட்கார்ந்திருப்பார்கள்? ஆகவே அந்தக் கதவு திறக்கவே இல்லை. டிராட்மனோ 1945-லிருந்தே அங்கே இருந்தவர், முதலில் கைதியாக, பிறகு தொழிலாளியாக. 1949 அக்டோபரில் சிட்டி ஒப்பந்தம் போட்டபோது நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. கிளப் விலை கொடுத்து வரவழைத்திருந்தால் அவர் உள்ளே வந்திருக்க முடியாது. சிறை வழியாக வந்தவருக்கு விதி தடையாகவில்லை. அவருக்குப் பின் 1978 வரை அந்தத் தரத்தில் ஒரு வெளிநாட்டுக் கீப்பரை இங்கிலாந்து லீக் பார்க்காமல் போனதற்கு இந்த விதி முக்கியமான காரணம்.

---

வலைக்காவலன் எழுதியது:

இது எனக்கு மிகவும் பிடித்த தகவல். இதிலிருந்து என் வாதத்துக்கே வருகிறேன். 1990-களில் பீட்டர் ஷ்மைக்கேல் மான்செஸ்டர் யுனைடெட்டின் கோலிலிருந்து பாதி மைதானம் தாண்டி எறிந்து தாக்குதல் தொடங்கியபோது எல்லாரும் வியந்தார்கள். அவரும் இளமையில் ஹேண்ட்பால் ஆடியவர். அதே நகரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் மற்ற கிளப்பின் கோலில் இன்னொருவர் இதைச் செய்துகொண்டிருந்தார். அதே சிட்டியின் கோலில் 2025 வரை நின்ற எடர்சன் எப்படிப் பந்தை வழங்கினார் என்று இன்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இந்த மரபின் தொடக்கத்தில் டிராட்மன் பெயரை வைக்காமல் எழுதப்படும் ஒவ்வொரு கட்டுரையும் எனக்குக் குறையுடையதாகவே தோன்றுகிறது. அர்செனல் கீப்பர் பாப் வில்சன் சிறுவயதில் டிராட்மனைத் தெய்வமாகக் கொண்டாடியவர். அடுத்த தலைமுறைக் கீப்பர்கள் அவரிடம் கற்றது உடம்பை உடைத்துக்கொள்வதை அல்ல.

---

மழைமேகம் எழுதியது:

கழுத்துக்குப் பின் என்ன ஆயிற்று என்பதையும் யாராவது எழுதுங்கள். தலைப்பில் "அப்பால்" என்று இருக்கிறதே.

---

நடுக்களம் எழுதியது:

எழுதுகிறேன். இறுதியாட்டத்தன்று வெறும் சுளுக்கு என்றே நினைத்தார்கள். பதக்கம் வாங்கும்போது அவர் கழுத்து கோணியிருந்ததை இளவரசர் பிலிப் கவனித்துக் கேட்டார். சில நாட்கள் கழித்து மான்செஸ்டர் ராயல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது: ஐந்து கழுத்து முள்ளெலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன, இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது எலும்பு அதன் மீது சிக்கி நின்றதால் பிளவு நகரவில்லை. அதனால்தான் பிழைத்தார். மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக் கிடந்தார்.

அந்த நிலையிலேயே, சில வாரங்களுக்குள், அவருடைய ஐந்து வயது மகன் கார் மோதி இறந்தான். கழுத்துக் கதையை ஆயிரம் முறை சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கோப்பை, விருது, முறிவு, மகனின் சாவு எல்லாம் ஒரே ஆண்டில். அவருடைய மணவாழ்க்கையும் அந்தத் துயரத்திலிருந்து முழுதாக மீளவில்லை, 1972-இல் மணமுறிவில் முடிந்தது.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே களத்துக்குத் திரும்பிவிட்டார். தொடக்கத்தில் தடுமாறினார், ஓய்வு பெறச் சொன்னவர்களும் உண்டு. அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆடினார். 1956-ஐ அவர் வாழ்க்கையின் உச்சமாக வைத்துக் கதையை முடிப்பவர்கள் இந்த ஏழு ஆண்டுகளை வெட்டி எறிகிறார்கள். காலடியில் பாய்ந்து கழுத்தை உடைத்துக்கொண்டவர், மறுபடியும் காலடியில் பாய வேண்டிய வேலைக்கே திரும்பினார்.

1964 ஏப்ரலில் அவருக்கான பாராட்டு ஆட்டம் சிட்டியின் அன்றைய மெய்ன் ரோடு மைதானத்தில் நடந்தது. சிட்டி, யுனைடெட் இரண்டும் சேர்ந்த அணிக்கு அவர் தலைவர், பாபி சார்ல்டனும் டெனிஸ் லாவும் அவர் பக்கம். எதிரே ஸ்டான்லி மேத்யூஸ், டாம் ஃபின்னி. கிட்டத்தட்ட 48,000 பேர் வந்திருந்தார்கள் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. இறுதியில் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள்.

---

கணக்கர் எழுதியது:

என் எண்களில் இந்த 48,000-ஐயும் சேர்த்துக்கொள்கிறேன். லீக் பட்டமில்லாத கீப்பருக்கு அவ்வளவு கூட்டம் என்றால், அங்கே இருந்து ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வேறு கணக்கு வைத்திருந்திருக்கிறார்கள். அதன் பிறகு பயிற்சியாளராக எங்கும் இருந்தாரா?

---

பழுப்பேடு எழுதியது:

இருந்தார். ஸ்டாக்போர்ட் கவுண்டியின் பொது மேலாளராகச் சிறிது காலம், பிறகு ஜெர்மனியில் சிறிய கிளப்புகள். 1970-களின் தொடக்கத்திலிருந்து ஜெர்மன் கால்பந்து சங்கத்தின் சார்பில், கால்பந்து வசதி குறைந்த நாடுகளுக்குப் போனார். முதலில் பர்மா. அந்நாட்டு அணி 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது. அதன் பிறகு தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், வட ஏமன். ஓய்வுக்குப் பின் ஸ்பெயினில் வலென்சியா அருகே குடியேறினார். ஆங்கிலேய-ஜெர்மன் உறவுக்காக 2004-இல் பிரிட்டன் ஓ.பி.இ. என்ற அரச கௌரவ விருது கொடுத்தது. 2013 ஜூலை 19 அன்று, 89 வயதில் காலமானார்.

பர்மா காலத்தைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து பர்மா அணி ஆசியாவில் எவ்வளவு வலுவாக இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1966, 1970 ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இரண்டிலும் கால்பந்துத் தங்கம் வென்றார்கள், 1970-இல் தென் கொரியாவோடு பகிர்ந்துகொண்டு. விவரம் வைத்திருப்பவர்கள் அங்கே வாருங்கள்.